முகத்தைத் தூக்கும் சத்திரசிகிச்சை: பெயரை வைத்துத் தெரிவு செய்யலாமா?

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் பேஸ்லிப்ட் பற்றி இப்போது வெளிப்படையாகவே கதைக்கிறார்கள். சுவிஸிலிருந்தோ லண்டனிலிருந்தோ கோயில் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் செய்துகொண்டு வந்திருப்பார். இல்லாவிட்டால் கொழும்பிலோ சென்னையிலோ உள்ள கிளினிக்கின் விளம்பரம் கைபேசியில் திரும்பத் திரும்ப வந்து விழும். அப்புறம் கேள்வி பிறக்கும்: மினி நல்லதா, டீப் பிளேன் நல்லதா, நூல் போட்டால் போதுமா? ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம், "தம்பி, டீப் பிளேன்தான் கனகாலம் நிற்குமாம், செய்தா அதைத்தான் செய்யணும்" என்று முடிவாகவே சொன்னார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அவருடைய முகத்தில் எது இறங்கியிருக்கிறது என்று அதுவரை எந்த வைத்தியரும் தொட்டுப் பார்த்திருக்கவில்லை.

சத்திரசிகிச்சையின் பெயர் கடைசியாகத் தீர்மானிக்க வேண்டிய விடயம். முகத்தில் இறங்கியது எது, வற்றியது எது, உடம்பு எவ்வளவு தாங்கும், செய்த பிறகு இரண்டு கிழமை எங்கே தங்குவது, யார் பார்ப்பது? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் எந்த வகை என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். கிழக்கில் இருக்கும் ஒருவருக்குக் கடைசி இரண்டு கேள்விகளும் கொழும்பில் இருப்பவரைவிடக் கனமானவை.

முகத்தைப் படை படையாகப் பார்க்க வேண்டும். மேலே தோல். அதற்குக் கீழே மெல்லிய கொழுப்பு. அதற்கும் கீழே தசையும் நார்த்திசுவும் கலந்த ஒரு விரிப்பு. இதை வைத்தியர்கள் 'ஸ்மாஸ்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்கள் இந்தப் படையைத் தெளிவாக விவரித்து எழுதினார்கள். கழுத்தில் பிளட்டிஸ்மா என்ற மெல்லிய தசையாகக் கீழே ஓடுவதும் இதன் தொடர்ச்சிதான். கண்ணை மூட, வாயைக் கோண, சிரிக்க வைக்கும் முக நரம்பின் கிளைகள் கன்னப் பகுதியில் இந்த விரிப்புக்குக் கீழே போகின்றன. இவை எல்லாவற்றையும் எலும்போடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பவை சில உறுதியான நார்கள், அதாவது இணைநார்கள். கன்ன எலும்பின் மேல் ஒரு தொகுதியும் கீழ்த்தாடை ஓரத்தில் ஒரு தொகுதியும் உண்டு.

வயது போகப் போகத் தோல் மட்டும் தளர்வதில்லை. விரிப்பு தளர்கிறது, கொழுப்புப் பொட்டலங்கள் சில இடத்தில் இறங்குகின்றன, சில இடத்தில் வற்றுகின்றன, எலும்பே கொஞ்சம் தேய்கிறது. வளையும் கைமரமும் தாழ்ந்துபோன வீட்டுக்குக் கிடுகை மட்டும் இழுத்துக் கட்டினால் எத்தனை மழைக்கு நிற்கும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த பேஸ்லிப்ட் எல்லாம் அப்படித்தான் இருந்தது: காதோரம் வெட்டி, தோலை இழுத்து, மிச்சத்தை நறுக்கித் தைத்தார்கள். தோல் இழுபடும் தன்மையுள்ளது. அதன்மேல் பாரத்தைப் போட்டால் அது மீண்டும் நீளும், தழும்பு அகலும், காதுச்சோணை கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டினாற்போல ஆகும், வாய் இரு பக்கமும் இழுத்த மாதிரித் தெரியும். "அவவுக்கு முகத்தை இழுத்துப் போட்டிருக்காங்க" என்று பார்த்தவுடன் ஊர் சொல்வது இந்தத் தோற்றத்தைத்தான். சுவீடனைச் சேர்ந்த டோர்ட் ஸ்கூக் 1970களில் தோலையும் கீழ் விரிப்பையும் ஒன்றாக உயர்த்தும் முறையை எழுதிய பிறகு இந்தத் துறையின் போக்கே மாறியது. இன்றைய வகைகள் எல்லாம் ஒரே கேள்விக்குக் கிடைத்த வெவ்வேறு பதில்கள்: அந்த விரிப்பை என்ன செய்வது?

வகைகளும் அவை செய்யும் வேலையும்

'மினி லிப்ட்' என்ற பெயரில்தான் குழப்பம் அதிகம். பொதுவாகக் காதுக்கு முன்னால் மட்டும் சின்னதாக வெட்டி, கன்னத்தின் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் தூக்குவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பெயருக்கு ஒரு வரையறை கிடையாது. ஒரு வைத்தியர் மினி என்று சொல்லி விரிப்பையும் மடித்துத் தைப்பார். இன்னொருவர் தோலை மட்டும் இழுத்துவிட்டு அதையும் மினி என்பார். இரண்டும் ஒன்றல்ல. நாற்பதுகளில், தாடை ஓரத்தில் தோல் தொங்கத் தொடங்கிய, கழுத்து இன்னும் இறுக்கமாக உள்ள ஒருவருக்கு முதலாவது நல்ல தெரிவு. அறுபது வயதில் கழுத்தில் இரண்டு நாண்கள் தெரிகிற ஒருவருக்கு எந்த மினியும் போதாது. அப்படிப்பட்டவருக்கு "சின்ன வெட்டு, குறைஞ்ச காசு" என்று மினியைச் செய்துவிட்டால், ஒரு வருடத்துக்குள் செலவழித்த காசுக்குப் பதில் சொல்ல முகத்தில் எதுவும் இருக்காது.

விரிப்பைக் கையாள எளிய வழி அதை மடித்துத் தைப்பது. சிலர் அதில் ஒரு கீலத்தை வெட்டி எடுத்து இரு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பார்கள். நரம்புக்கு மேலேயே வேலை முடிந்துவிடுவதால் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு, நேரமும் குறைவு. சாதாரண அளவு தளர்ச்சி உள்ள பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. விளம்பரங்கள் இதைப் பழைய முறை என்று ஒதுக்குவதில் நியாயம் இல்லை. 2000களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் டொனார்ட், வெர்பேலே இருவரும் பரப்பிய 'மாக்ஸ்' முறை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. காதுக்கு முன்னால் குறுகிய வெட்டு வைத்து, விரிப்பையும் கொழுப்பையும் சுருக்குத் தையலால் சுற்றி, கன்ன எலும்புக்கு மேலே உள்ள உறுதியான திசுவில் நேர் மேலாகத் தொங்க விடுவார்கள். பக்கவாட்டில் இழுக்காமல் மேல்நோக்கித் தூக்குவதால் முகம் அகன்று தெரியாது. கழுத்துத் தோல் அதிகமாகத் தொங்கும் இடத்தில் இதற்கும் எல்லை உண்டு.

டீப் பிளேன் என்பதை 1990இல் அமெரிக்க வைத்தியர் சாம் ஹம்ரா எழுதினார். இதில் வைத்தியர் விரிப்புக்குக் கீழே போகிறார். கன்னத்தையும் தாடையையும் எலும்போடு பிடித்திருக்கும் இணைநார்களை விடுவித்து, தோலையும் விரிப்பையும் பிரிக்காமல் ஒரே பாளமாக மேலே நகர்த்துகிறார். தோல் தனியாக உரிக்கப்படாததால் அதன் இரத்த ஓட்டம் கூடுதலாகப் பாதுகாக்கப்படுகிறது. தோலில் இழுவை விழாததால் முகம் இயல்பாக இருக்கும். கன்னத்தின் நடுப்பகுதி இறங்கியவர்களுக்கும், முகம் கனமாக உள்ளவர்களுக்கும், முன்பு ஒரு தடவை செய்து பழையபடி இறங்கியவர்களுக்கும் இதில் பலன் தெரியும். தெற்காசிய முகங்களில் தோல் தடிப்பாகவும் கன்னம் கனமாகவும் இருப்பது வழக்கம். அந்தப் பாரத்தை மெல்லிய நூலால் நிறுத்த முடியாது என்பதால் எங்கள் பக்கத்துப் பலருக்கு ஆழமான முறை பொருந்துவதில் வியப்பில்லை. ஆனால் வேலை நடப்பது முக நரம்பு ஓடும் தளத்தில். அந்தத் தளத்தில் நூற்றுக்கணக்கில் செய்து கை பழகியவரிடம் இது பாதுகாப்பானது. எப்போதாவது ஒன்று செய்பவரிடம் அதே உறுதியை எதிர்பார்க்க முடியாது. வீக்கமும் சில கிழமை கூடுதலாக இருக்கலாம்.

கழுத்து தனிக் கணக்கு. நாடிக்குக் கீழே சிறு வெட்டு வைத்து பிளட்டிஸ்மாவின் இரு ஓரங்களையும் நடுவில் சேர்த்துத் தைப்பதும், தேவைப்பட்டால் கொழுப்பை எடுப்பதும் பேஸ்லிப்டோடு சேர்ந்தே நடக்கும். சிலருக்குக் கழுத்துதான் பிரச்சினை, முகத்தில் கை வைக்கவே தேவையில்லை. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: தாடைக்குக் கீழே பொம்மிக்கொண்டிருப்பது எல்லாம் தளர்ச்சி ஆகாது. தைரொயிட் வீக்கமாக இருக்கலாம், உமிழ்நீர்ச் சுரப்பி இறங்கியிருக்கலாம், நிணநீர்க் கட்டியாகவும் இருக்கலாம். கழுத்தைத் தடவிப் பார்க்காமல் புகைப்படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் வாங்கி விலை சொல்லும் இடத்தை அந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிடலாம்.

நூல் லிப்ட், அதாவது முள் போன்ற பிசிறுகள் உள்ள கரையும் நூலை ஊசியால் தோலுக்குக் கீழே செலுத்தி இழுப்பது, வேறு வகை. மயக்க மருந்து வேண்டாம், அடுத்த நாளே வேலைக்குப் போகலாம். அதனால்தான் அழகு நிலையங்கள் வரை பரவிவிட்டது. மெல்லிய முகத்தில், மிகக் குறைந்த தளர்ச்சிக்கு, கொஞ்சக் காலத்துக்குப் பலன் தரும். நூல் சில மாதங்களில் கரைந்துவிடும், அத்தோடு தூக்கலும் மெல்ல இறங்கும். தோலில் குழி விழுவது, நூல் வெளியே தலைநீட்டுவது, சீழ் பிடிப்பது எல்லாம் நடக்கும். இதை பேஸ்லிப்டுக்கு மாற்று என்று விற்பது சரியல்ல.

இனி, அந்த ஆசிரியை சொன்னதிலிருந்து எழும் கேள்வி: எது கனகாலம் நிற்கும்? இதற்கு நல்ல ஒரு சோதனை நடந்திருக்கிறது. ஒத்த இரட்டையர்கள் இரண்டு சோடியை எடுத்து, நான்கு பேருக்கும் நான்கு பெயர்பெற்ற வைத்தியர்கள் தங்கள் தங்கள் முறையில் பேஸ்லிப்ட் செய்தார்கள். அவர்களில் ஹம்ராவும் ஒருவர். ஒரே மரபணு, ஒரே வயது, வெவ்வேறு முறை. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்ததை 2009இல் வெளியிட்டார்கள். நால்வருமே செய்வதற்கு முன் இருந்ததைவிட நல்ல நிலையிலேயே இருந்தார்கள். ஒரு முறை மற்றதைத் தூக்கியெறியும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. 1996இல் வந்த இன்னொரு ஆய்வில் ஒரே ஆளின் ஒரு கன்னத்தில் எளிய ஸ்மாஸ் முறையையும் மறு கன்னத்தில் ஆழமான முறையையும் செய்து ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இவை சிறிய ஆய்வுகள்தான், எல்லா முகத்துக்கும் இவை தீர்ப்பாகா. ஆனாலும் யார் செய்கிறார், யாருக்குச் செய்கிறார் என்பது பெயரைவிடப் பெரிது என்று சொல்ல இவை போதும். பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை பலன் நிற்கும் என்று சொல்வார்கள். கழுத்து அதற்கு முன்னாலேயே தளரத் தொடங்கும்.

பேஸ்லிப்ட் செய்யாதவை

வாழைச்சேனை தொடக்கம் பொத்துவில் வரை கடற்கரையிலும் வயலிலும் வெயிலில் நின்ற முகங்களில் முதலில் தெரிவது சுருக்கம் இல்லை, நிறம்தான். கன்னத்தில் மங்கு, நெற்றியில் கருமை, கண்ணுக்குக் கீழே கருவளையம். பேஸ்லிப்ட் இவற்றில் ஒன்றையும் தொடாது. கண் இமைத் தளர்ச்சிக்கும் புருவத்துக்கும் தனிச் சத்திரசிகிச்சைகள். மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் கோடு கொஞ்சம் மென்மையாகும், மறையாது. கண்ணாடி முன் நின்று இரண்டு விரலால் காதோரத் தோலை மேலே தூக்கிப் பார்க்கிறபோது எது சரியாகிறதோ அதைத்தான் இந்தச் சத்திரசிகிச்சை தரும். அப்போதும் உங்களை உறுத்துகிற ஒன்று மிச்சம் இருந்தால் அதற்கு வேறு வைத்தியம் தேவை. மங்குதான் மனதை வருத்துகிறது என்றால், தோல் வைத்தியரிடம் போய் வெயில் தடுப்புக் கிரீமில் தொடங்குவதே சரியான வழி. கடையில் விற்கும் வெள்ளையாக்கும் கிரீம்களைப் பல வருடம் பூசியவர்கள் அதையும் வைத்தியரிடம் சொல்லியாக வேண்டும். அவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிய, ஆறும் தன்மை கெட்டுப் போயிருக்கும்.

பல் விடயத்தை யாரும் யோசிப்பதில்லை. எங்கள் பக்கத்தில் வெற்றிலை போட்டுப் பழகிய பெரியவர்கள் பலருக்குக் கடைவாய்ப் பல் இல்லை. பல் போனால் அதைத் தாங்கிய எலும்பு தேய்கிறது. கன்னம் குழிகிறது, உதடு உள்ளே போகிறது, நாடி மூக்கை நோக்கி மேலே வருகிறது. இப்படியான முகத்தில் தோல் தொங்குவதற்குப் பாதிக் காரணம் உள்ளே தாங்க ஒன்றும் இல்லாததுதான். முதலில் பல் வைத்தியரிடம் நல்ல பல்செட் ஒன்று கட்டிக்கொண்டு, சில மாதம் கழித்து முகத்தைப் பார்த்தால், சிலருக்கு பேஸ்லிப்ட் யோசனையே போய்விடும். செய்தாலும் அந்த ஒழுங்கில்தான் செய்ய வேண்டும். தளர்ந்த முகத்துக்கு அளவெடுத்துத் தோலை வெட்டிவிட்டு, பிறகு பல் கட்டினால் அளவு பிழைக்கும்.

சீனி வருத்தத்தாலோ வேறு காரணத்தாலோ திடீரென மெலிந்தவர்களின் கன்னம் வற்றிப்போயிருக்கும். அங்கே இழுப்பதைவிட நிரப்புவதுதான் தேவை. வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை எடுத்துக் கன்னத்தில் செலுத்துவதை பேஸ்லிப்டோடு சேர்த்தே செய்கிறார்கள். ஊசியால் நிரப்பும் பில்லரும் உண்டு. ஆனால் கனத்து இறங்கிய முகத்தில் பில்லரைக் கூட்டிக் கூட்டிப் போட்டால் முகம் வீங்கித்தான் தெரியும். தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் கருகலாம், மிக அரிதாகப் பார்வையும் போகலாம். அது அழகு நிலையக் கதிரையில் இருந்து எடுத்துக்கொள்ளும் ஊசி இல்லை.

வெற்றிலை, சீனி, பிரஷர்

புகைப்பவர்களுக்கு பேஸ்லிப்ட் செய்தால் காதுக்குப் பின்னால் உள்ள தோல் கருகிப் போகும் ஆபத்து பல மடங்கு என்பது 1980களிலேயே காட்டப்பட்ட விடயம். நிக்கொட்டின் மெல்லிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. உரித்து உயர்த்திய தோல் உயிரோடு இருப்பதே அந்தக் குழாய்களால்தான். "நான் சிகரட் தொட்டதே இல்லை" என்று பெண்கள் சொல்வார்கள். வைத்தியரும் அதோடு விட்டுவிடுவார். வெற்றிலையோடு புகையிலை போடுகிறீர்களா என்று கேட்டால்தான் உண்மை வரும். வாயில் அடக்கும் புகையிலையிலிருந்தும் அதே நிக்கொட்டின் இரத்தத்தில் சேர்கிறது. முன்னும் பின்னும் குறைந்தது நான்கு கிழமை அதை நிறுத்த முடியாதவர் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் போகக் கூடாது. கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

பாக்குக்கு இன்னொரு விளைவும் உண்டு. பல வருடம் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாய் முழுதாகத் திறக்காமல் போகும். மூன்று விரலை ஒன்றன் கீழ் ஒன்றாக வாய்க்குள் நிறுத்த முடியாவிட்டால் மயக்க மருந்து கொடுப்பவருக்கு அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூச்சுக் குழாய்க்குள் டியூப் போடுவது சிரமமாகலாம். அந்த இறுக்கம் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை என்பதால் வாயையும் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அது பேஸ்லிப்டைவிட அவசரம்.

பேஸ்லிப்டில் அதிகம் நடக்கும் சிக்கல் இரத்தக் கட்டு. பெண்களில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேருக்கு வரும். ஆண்களுக்குத் தாடி மயிர் உள்ள தோலில் இரத்த ஓட்டம் கூடுதல் என்பதால் அதைவிட அதிகமாக வரும். பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துக்குள், பிரஷர் ஏறும்போது நடக்கும். முதல் இரவு எப்படிப் போகும் என்று தெரிந்திருப்பது நல்லது. தலையைச் சுற்றிக் கட்டு, காதுக்குப் பின்னால் சில சமயம் மெல்லிய வடிகுழாய், தலையணை உயர்த்தி மல்லாந்து படுக்கை. இரண்டு கன்னமும் இறுக்கமாக, மரத்த மாதிரி இருக்கும், ஆனால் தாங்க முடியாத வலி இருக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் திடீரென வலி கூடி, கன்னம் கல்லாக இறுகி, அந்தப் பக்கக் கண் வீங்கினால் அது இரத்தக் கட்டு. உடனே தியேட்டருக்குத் திரும்பக் கொண்டுபோய்த் திறந்து எடுக்க வேண்டும். தாமதித்தால் மேலே உள்ள தோல் கெடும். குமட்டி வாந்தி எடுப்பது, இருமுவது, வலியில் பதறுவது எல்லாமே பிரஷரை ஏற்றும் என்பதால் நல்ல இடங்களில் அன்றிரவு தாதி ஒருவர் மணிக்கு மணி பார்ப்பார். அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பும் இடங்களில், இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் யார் வருவார் என்று கேட்டு வையுங்கள்.

அஸ்பிரின், மீனெண்ணெய் வில்லை, சில நாட்டு மருந்துகள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். எடுப்பதை எல்லாம் எழுதிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இதய வருத்தத்துக்கு எழுதிக் கொடுத்த அஸ்பிரினைத் தானாக நிறுத்துவது மட்டும் ஆகாது. அதைத் தந்த வைத்தியரைக் கேட்டுத்தான் முடிவு. சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குக் காயம் ஆறாது, தொற்று வரும். கடைசி மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைச் செய்யாமல் நாள் குறிக்கும் இடம் நல்ல இடம் இல்லை.

நரம்பைப் பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு. அதிகமாகப் பாதிக்கப்படுவது காதுச்சோணைக்கு உணர்வு தரும் நரம்பு. அதனால் சோணை மரத்துப் போகும், தோடு போடும்போது தெரியாது. முகத்தை அசைக்கும் நரம்பு சில கிழமை அசந்து பிறகு திரும்புவது உண்டு. நிரந்தரமாகப் போவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

எங்கள் நிறத்துத் தோலுக்குத் தழும்பு பெரிய கேள்வி. காயம் கறுப்பதும் தடிப்பதும் வெள்ளைத் தோலைவிட எங்களில் அதிகம். காதைச் சுற்றிய பகுதியும் காதுச்சோணையும் கீலொயிட், அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு, விரும்பி வளரும் இடங்கள். இதற்கு ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு பழைய சாட்சி இருக்கிறது: காது குத்திய துளை. அந்த இடத்தில் எப்போதாவது கட்டி வளர்ந்திருந்தால், சிசேரியன் தழும்பு கயிறு மாதிரித் தடித்திருந்தால், அதைச் சொல்லுங்கள், காட்டுங்கள். கொண்டை போடும் பெண்ணுக்குக் காதுக்குப் பின்னால் தலைமயிர் வரை போகும் தழும்பு வெளியே தெரியும். காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ தலையை மூடும் பெண்ணுக்கு அது மறைந்துவிடும், ஆனால் முதல் சில கிழமை காதோரம் இறுக்கிக் குத்தும் ஊசியும் துணியும் காயத்தை அழுத்தும். தளர்ந்த பருத்தித் துணி நல்லது. பாரமான தோடு போட்டுத் துளை கீறியிருந்தால் அதற்கு மரப்பு ஊசி மட்டும் போட்டு அரை மணித்தியாலத்தில் தைக்கலாம். சிலருக்கு அந்தச் சின்ன வேலையே முகத்துக்குப் பெரிய மாற்றம் தரும். ஆண்களுக்குக் காதின் முன் வெட்டு எங்கே வருகிறது என்று கேட்க வேண்டும். இடம் பிழைத்தால் தாடி மயிர் காதுக்குள் ஏறிவிடும்.

யாரிடம், எங்கே

இலங்கையில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் என்றால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் கீழ் சத்திரசிகிச்சை படித்து, அந்தத் துறையில் தனியாகப் பயிற்சி முடித்து, அந்த நிறுவகத்தின் நிபுணர் சான்று பெற்றவர். அரச ஆஸ்பத்திரிகளில் அவர்களுடைய நேரம் தீக்காயம், பிளவுபட்ட உதடு, விபத்து, புற்றுநோய்க்குப் பின் உறுப்புச் சீரமைப்பு ஆகியவற்றுக்கே போகிறது. போகவும் வேண்டும். எனவே அழகுக்கான பேஸ்லிப்ட் என்றால் தனியார் இடம்தான், சொந்தக் காசுதான். வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு உள்ளவரா என்று பார்க்கலாம். தனியார் மருத்துவ நிலையங்களும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். "அழகியல் நிபுணர்" என்று சுவரில் தொங்கும் சான்றிதழ் சில நாள் வகுப்பில் கிடைத்ததாகவும் இருக்கலாம். இந்தியாவுக்குப் போனாலும் இதே விசாரிப்பு வேண்டும்.

முதல் சந்திப்பில் ஒரு நல்ல வைத்தியர் உங்களை உட்காரவைத்தும் நிமிர்த்தியும் பார்ப்பார், பல்லைக் கடிக்கச் சொல்லிக் கழுத்து நாண் எழும்புகிறதா என்று பார்ப்பார், தோலைக் கிள்ளிப் பார்ப்பார், பழைய கல்யாணப் படத்தைக் கேட்பார். விரிப்பை என்ன செய்யப் போகிறீர்கள் என்று நீங்கள் நேராகக் கேட்கலாம். அதற்குக் கடுதாசியில் கீறிக் காட்டுகிறவரை நம்பலாம். வருடத்துக்கு எத்தனை செய்கிறார், இரத்தக் கட்டு வந்தவர்கள் எத்தனை பேர், எங்கள் நிறத்தில் உள்ளவர்களின் ஒரு வருடத்துக்குப் பிந்திய படம் இருக்கிறதா, மயக்க மருந்து கொடுப்பவர் யார்? இவற்றைக் கேட்டால் கோபப்படுகிறவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு இது தேவையில்லை என்று சொல்லி ஒருவர் திருப்பி அனுப்பினால் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸில் இரவு முழுக்கப் போய், செய்துகொண்டு, மூன்றாம் நாள் அதே பஸ்ஸில் குலுங்கி வருவது கூடாது. தையல் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் கட்டம் கட்டமாக வெட்டப்படும். அதுவரை செய்த இடத்துக்கு அருகில், துணைக்கு ஒருவரோடு தங்க வேண்டும். அந்தத் தங்குமிடச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் உண்மையான விலை தெரியும். வெளிநாட்டில் செய்பவர்கள் விமானத்துக்கு முன் வைத்தியரின் அனுமதியைக் கேட்க வேண்டும். ஊருக்கு வந்த பிறகு காயம் வீங்கினாலோ சீழ் வடிந்தாலோ மட்டக்களப்பு போதனா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவீர்கள். என்ன செய்தார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள், எங்கே தைத்தார்கள் என்ற எழுத்து கையில் இல்லாவிட்டால் அங்குள்ள வைத்தியர் இருட்டில் தேட வேண்டியிருக்கும். செய்த இடத்தில் அதை எழுதி வாங்காமல் கிளம்பக் கூடாது.

கல்யாணத்தையோ கோயில் கொடியேற்றத்தையோ மனதில் வைத்து நாள் பார்ப்பவர்களுக்கு: நீலம் பாய்ந்தது இரண்டு கிழமையில் போகும், ஆட்கள் முன்னால் போகக்கூடிய முகம் மூன்று நான்கு கிழமையில் வரும், கன்னத்தின் மரப்பும் இறுக்கமும் மாதக்கணக்கில் மெல்லக் குறையும். தழும்பு முதல் மூன்று மாதம் சிவந்தும் கறுத்தும் கூடி, பிறகுதான் மங்கும். முழுதாக அடங்க ஒரு வருடம் எடுக்கும். அந்த ஒரு வருடமும் வெயிலில் காதோரத்துக்கு வெயில் தடுப்புக் கிரீம் அல்லது குடை வேண்டும். தழும்பு தடிக்கத் தொடங்கினால் காத்திருக்காமல் தோல் வைத்தியரிடம் காட்டி சிலிக்கோன் ஒட்டுத்தாளோ ஊசியோ எடுக்கலாம். தை மாதத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் கார்த்திகையில் செய்வது பிந்திவிட்ட காரியம். ஆனியில், ஆடியில் முடித்திருக்க வேண்டும். அது முடியாமல் போனால் கல்யாணம் முடிந்த பிறகு மாசியில் வைத்துக்கொள்ளலாம்.